குதிரைக்கு வால் எதற்கு?

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் இரண்டு சகோதரிகள் ஒரு குதிரையின் வாலை வைத்துப் பந்தயம் கட்டுகிறார்கள். பாற்கடலைக் கடைந்தபோது வெளிவந்த உச்சைசிரவஸ் என்ற அந்தக் குதிரை முழுவதும் வெள்ளை என்கிறாள் விநதை. உடல் வெள்ளைதான், ஆனால் வால் மட்டும் கறுப்பு என்கிறாள் கத்ரு. தோற்றவள் ஜெயித்தவளுக்கு அடிமை. தான் தோற்கப் போவது கத்ருவுக்கு அன்றிரவே தெரிந்துவிடுகிறது. தன் பிள்ளைகளாகிய பாம்புகளைக் கூப்பிட்டு, கரிய மயிர்களாக மாறி அந்த வாலில் போய் ஒட்டிக்கொள்ளும்படி ஏவுகிறாள். மறுத்த பிள்ளைகளுக்குச் சாபம் கிடைக்கிறது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வால் கறுப்பாயிருக்கிறது. விநதை அடிமையாகிறாள். அவளை மீட்கக் கருடன் அமிர்தத்தைத் தேடிப் பறக்கிறான். ஜனமேஜயனுடைய சர்ப்ப யாகம் வரையில் அந்தப் பந்தயத்தின் பின்விளைவு நீண்டுகொண்டே போகிறது.

இவ்வளவு பெரிய கதையில் ஒருவருடைய அபிப்பிராயம் மாத்திரம் கேட்கப்படவில்லை. வாலுக்குச் சொந்தக்காரரான உச்சைசிரவஸின் அபிப்பிராயத்தைத்தான் சொல்கிறேன். ஆயிரம் பாம்புகள் வாலில் தொங்கினால் ஒரு குதிரைக்கு எப்படியிருக்கும் என்று வியாசர் விசாரிக்கவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. குதிரையின் பிடரி மயிரையும் வாலையும் பற்றி மனிதர்கள் எழுதியவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அது குதிரைக்கு எதற்கு என்று கேட்டவர்கள் மிகவும் சொற்பம். நமக்கு எதற்கு என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அசுவமேத யாகத்திற்குத் தேர்ந்தெடுத்த குதிரையை அரசனுடைய மனைவிமார் அலங்கரிப்பார்கள் என்று வைதிக நூல்கள் கூறுகின்றன. பிடரியிலும் வாலிலும் மணிகளைக் கோப்பார்கள். பார்க்க மிகவும் அழகாகத்தான் இருந்திருக்கும். அலங்காரம் முடிந்ததும் குதிரைக்கு என்ன நேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

குதிரையின் பக்கம் நின்று யோசித்த மனிதர் ஒருவர் கிரேக்க தேசத்தில் இருந்தார். அவர் பெயர் ஸெனோபன். சாக்ரடீஸின் மாணவர், ஆனால் ஏட்டுப் படிப்போடு நின்றவரல்லர். கி.மு. 401-ல் பாரசீகத்தின் நடுவில் தலைவர்களை இழந்து தவித்த பதினாயிரம் கிரேக்கக் கூலிப் படையினரைக் கருங்கடல் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த தளபதிகளில் ஒருவர். போர்க்களத்தில் குதிரை மேல் இருந்து பழகிய அந்த மனிதர், பிற்காலத்தில் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியும் குதிரைக்காரர்கள் அதைப் படிக்கிறார்கள். படித்து, "ஆமாம், சரிதான்" என்றும் சொல்கிறார்கள்.

குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் முறையைச் சொல்லும்போது அவர் தலையிலிருந்தும் பிடரியிலிருந்தும் ஆரம்பிக்கச் சொல்கிறார். மேலே அழுக்கை வைத்துக்கொண்டு கீழே தேய்ப்பதில் என்ன பயன் என்பது அவர் வாதம். வீடு பெருக்கத் தெரிந்த எந்தப் பெண்பிள்ளையும் ஒப்புக்கொள்கிற வாதம்தான். ஆனால் தலையை மாத்திரம் தண்ணீரால் கழுவினால் போதும். அங்கே எலும்பு அதிகம், சதை குறைவு. இரும்பாலோ மரத்தாலோ செய்த கருவியைக் கொண்டு தேய்த்தால் குதிரைக்கு வலிக்கும் என்கிறார். நெற்றியில் விழும் மயிரையும் தண்ணீரால் கழுவ வேண்டும். அது நீளமாயிருந்தாலும் குதிரையின் பார்வையை மறைக்காது. கண்ணில் விழக்கூடியதைத் தள்ளிவிடும். கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் அந்தக் காரியத்திற்காகத்தான் நீண்ட காதுகளைக் கொடுத்த தேவர்கள், குதிரைக்கு நெற்றி மயிரைக் கொடுத்தார்களாம்.

பிறகு வாலுக்கு வருகிறார். வாலையும் பிடரியையும் கழுவி, மயிரை நன்றாக வளரவிட வேண்டும். ஏன்? குதிரை தன் வாலை எட்டும் வரையில் வீசித் தன்னைத் தொந்தரவு செய்பவற்றை விரட்டிக்கொள்வதற்காக. பிடரி மயிர் எதற்கு? ஏறுகிறவன் பிடித்துக்கொள்வதற்காக. அந்தக் காலத்தில் அங்கவடி கிடையாது. கடிவாளத்தைப் பிடித்து ஏறினால் குதிரையின் வாய் கிழியும். பிடரி மயிரைப் பற்றி ஏறினால் அதற்கு வலி இல்லை. ஆகவே பிடரி சவாரிக்காரனுக்கு, வால் குதிரைக்கு! பாகப் பிரிவினை எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்.

அழகையும் அவர் மறக்கவில்லை. பெண் குதிரைகளுக்குத் தங்கள் பிடரியைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. அது நீண்டு தொங்கும் வரையில் கழுதையைக் கிட்டவே சேர்க்காது. அதனால் கோவேறு கழுதை வளர்க்கிறவர்கள் முதலில் அதன் பிடரியைக் கத்தரித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். கர்வபங்கம் செய்வதற்குக் கத்தரிக்கோல்! இதை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் கிரேக்கர்கள் நம்பினார்கள்.

ஸெனோபனுக்குப் பின் வந்தவர்கள் இதில் அதிகம் சேர்த்துவிடவில்லை. இன்றைக்கும் குதிரை வளர்ப்பில் தேர்ந்தவர்கள் வாலைச் சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போகிறார்கள். முடிந்த மட்டும் விரலாலேயே பிரிக்கிறார்கள். உடம்பிலுள்ள ரோமம் பருவந்தோறும் உதிர்ந்து முளைக்கும். வால் மயிரும் பிடரி மயிரும் அப்படியல்ல. அவசரத்தில் ஒரு பிடி பிய்ந்து போனால் பழைய நீளம் திரும்பச் சில வருஷங்கள் பிடிக்கும். குதிரை வாலை ஓயாமல் தூணில் தேய்த்தால், கெட்ட பழக்கம் என்று அதட்டாமல் வயிற்றிலும் ஆசனத்திலும் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பின்னல் போடுகிறவர்கள் வால் தண்டின் மேல் இறுக்கிக் கட்ட மாட்டார்கள். இரத்த ஓட்டம் தடைப்படும்.

இங்கே 'வால் தண்டு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குதிரை வால் என்பது வெறும் மயிர்க் கற்றை. உள்ளே எலும்பு இருக்கிறது. முதுகெலும்பின் தொடர்ச்சியாகச் சாதாரணமாய்ப் பதினெட்டு சிறு எலும்புகள். சில குதிரைகளுக்கு ஒன்றிரண்டு கூடும், குறையும். அவற்றைச் சுற்றித் தசை, நரம்பு, இரத்தக் குழாய், தோல் எல்லாம் உண்டு. மயிர் அந்தத் தண்டிலிருந்துதான் முளைக்கிறது. தண்டு இல்லாவிட்டால் மயிரை வீச முடியாது. இனிமேல் சொல்லப் போகும் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வேற்றுமையைப் பற்றியது.

மயிரைக் கத்தரிப்பது மிகப் பழைய வழக்கம். மத்திய ஆசியாவில் அல்தாய் மலைப் பிரதேசத்தில் பஸிரிக் என்ற இடத்தில் சில பெரிய மேடுகள் உண்டு. ருடென்கோ முதலிய ருஷ்ய ஆராய்ச்சியாளர்கள் 1929-லும், பிறகு 1947 முதல் 1949 வரையிலும் அவற்றைத் தோண்டினார்கள். உள்ளே, இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் எஜமானர்களோடு புதைக்கப்பட்ட குதிரைகள், பனிக்கட்டியில் உறைந்து, தோலும் மயிரும் கெடாமல் கிடந்தன. பிடரி மயிர் ஒட்டக் கத்தரிக்கப்பட்டிருந்தது. வாலைப் பின்னியோ முடிந்தோ விட்டிருந்தார்கள். குதிரையின் மேலிருந்து வில் வளைக்கிற ஜாதியாருக்குப் பறக்கும் பிடரி மயிர் இடைஞ்சல். அம்பை எடுக்கும் கை அதில் சிக்கிக்கொண்டால் அடுத்த அம்பு எதிரியினுடையதாயிருக்கும்.

அந்த வழக்கம் கிழக்கே சீனம் வரைக்கும் போயிற்று. தாங் வமிசத்துச் சக்கரவர்த்தி தாய்சோங் 626 முதல் 649 வரை ஆண்டவர். யுத்தங்களில் தம்மைச் சுமந்த ஆறு குதிரைகளைக் கல்லில் செதுக்கித் தம் சமாதியில் வைக்கச் சொன்னார். பிடரியில் கோட்டை மதில்போல் மூன்று பற்கள் வைத்துக் கத்தரித்திருக்கிறது, வால் முடியப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒரு குதிரையின் மார்பில் தைத்த அம்பை ஒரு தளபதி பிடுங்குகிறார். குதிரை அசையாமல் அவரோடு தலை சேர்த்து நிற்கிறது. சக்கரவர்த்தி ஒருவர் தம் உருவத்தை விட்டுத் தம் குதிரைகளின் உருவத்தைச் செதுக்கச் சொன்னது பெரிய காரியம். அந்த ஆறில் நான்கு சியான் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. அம்பு தைத்த குதிரையும் இன்னொன்றும் கடல் கடந்து அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டன.

நம்முடைய சங்கப் புலவர்களும் கத்தரித்த பிடரியைப் பார்த்திருக்கிறார்கள். 'கொய்சுவல்' என்பது அவர்கள் சொல். சுவல் என்றால் பிடரி. 'உளை' என்றும் சொல்வார்கள். குதிரையின் தலையில் சூட்டும் தலையாட்டத்திற்கும் அந்தப் பெயர் உண்டு. அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன் தேரில் திரும்பி வருகிறான். வழியில் பூஞ்சோலை. மணியோசை கேட்டுத் தேனுண்ணும் வண்டுகள் கலைந்துவிடுமே என்று மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்கள் எல்லாரும் அறிந்த காட்சி. அந்தத் தேரை இழுக்கும் குதிரைகளின் பிடரிதான் கொய்யப்பட்ட பிடரி. வண்டிற்கு இரங்கியவன் குதிரைக்கு இரங்கவில்லையா என்று யாராவது கேட்கலாம். கேட்கத் தேவையில்லை. பூவைக் கொய்கிறோம், தினைக் கதிரைக் கொய்கிறோம். பிடரியைக் கொய்வதும் அப்படித்தான். இன்று கத்தரித்த பிடரி நாளை வளர்ந்துவிடும். குதிரைக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

துருக்கியர்கள் குதிரை வாலைக் கம்பத்தில் கட்டிக் கொடியாகப் பிடித்தார்கள். ஒரு வால் பாஷா, இரண்டு வால் பாஷா, மூன்று வால் பாஷா என்று உத்தியோகத்தின் உயரத்தை வாலால் அளந்தார்கள். அமெரிக்காவில் ஆரகன் மாகாணத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், 'லைனஸ்' என்ற குதிரைக்குப் பிடரியும் வாலும் பத்தடிக்கு மேல் வளர்ந்து தரையில் புரண்டன. எஜமானர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிப் பணம் சம்பாதித்தார்கள். நிற்பதும் சீவப்படுவதுமே அந்தக் குதிரைக்கு உத்தியோகம்! இவையெல்லாம் மயிரோடு போன விஷயங்கள்.

எலும்பில் கை வைத்தவர்களில் முன்னால் நிற்கிறவர்கள் குதிரைப் பிரியர்கள் என்று உலகம் முழுவதும் பெயரெடுத்தவர்கள். இங்கிலாந்துக்காரர்களைத்தான் சொல்கிறேன். உலகத்தின் பந்தயக் குதிரை ஜாதியை உண்டாக்கியவர்கள் அவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் குதிரைகளை ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் வரைந்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் வரைந்தவர்கள் அருமை. அவர் வரைந்த 'விஸில்ஜாக்கெட்' என்ற குதிரை லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஒரு சுவர் முழுவதும் நிற்கிறது. பிடரி அலைஅலையாய்ப் புரள்கிறது, வால் நீண்டு பறக்கிறது. ஆனால் அதே ஓவியரின் வேறு பல படங்களைப் பாருங்கள். பளபளக்கும் உடம்பு, மெல்லிய கால், அறிவு ததும்பும் கண், பின்னால் ஒரு சாண் கட்டை! ஓவியர் பார்த்ததைத்தான் வரைந்தார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் குதிரையின் வாலைத் தறிப்பது, நம் நாட்டில் குழந்தைக்குக் காது குத்துவதைப்போல் சாதாரணமாயிருந்தது. குதிரையைக் கட்டிப்போட்டு, இரண்டு பிடியுள்ள ஒரு பெரிய வெட்டுக் கருவியில் வாலை வைத்து, எலும்புப் பொருத்தில் ஒரே அமுக்காக அமுக்குவார்கள். இரத்தம் பீறிடும். பழுக்கக் காய்ச்சிய வளைந்த இரும்பை வைத்துச் சுடுவார்கள். குங்கிலியம்போன்ற பிசினைத் தூவி மறுபடியும் சுடுவார்கள். இதோடு சிலர் விடவில்லை. மிஞ்சிய கட்டை மிடுக்காக மேல்நோக்கி நிற்க வேண்டுமென்று வாலின் அடிப்புறத்துத் தசைநார்களை இரண்டு மூன்று இடங்களில் அறுத்தார்கள். புண் ஆறும்போது வால் கீழே தொங்கிவிடாதபடி அதில் கயிறு கட்டி, லாயத்தின் கூரையிலுள்ள கப்பியில் மாட்டி, மறு நுனியில் எடை தொங்கவிட்டு, நாள் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கிறதல்லவா? இதைச் செய்தவர்கள் முரடர்களல்லர். மாலையில் அந்தக் குதிரைக்கே கையால் காரட்டு ஊட்டியவர்கள்.

காரணம் கேட்டால் வைத்திருந்தார்கள். வாலுக்குப் போகும் சத்து மிச்சப்பட்டு முதுகு பலப்படும் என்றார்கள் சிலர். இது சுத்த அபத்தம். சேறு பட்டு அழுக்காகிறது என்றார்கள். அழுக்கானால் கழுவ வேண்டும்! கொஞ்சம் கனமான காரணம் ஒன்றுதான். வண்டியில் பூட்டிய குதிரை வாலை வீசும்போது கடிவாள வார் வாலின் கீழே அகப்பட்டுக்கொள்ளும், குதிரை மிரண்டு வாலை இடுக்கிக்கொண்டு ஓடும், வண்டி குடைசாயும். இதில் உண்மை உண்டு. ஜட்கா வண்டியில் முன்பலகையில் உட்கார்ந்து பிரயாணம் செய்தவர்களுக்குக் குதிரை வாலின் வீச்சு எவ்வளவு தூரம் எட்டும் என்பது தெரிந்திருக்கும்.

ஆனால் இந்தக் கஷ்டம் லண்டன் வண்டிக்காரர்களுக்கு மட்டும் புதிதாக வந்ததா? சியான் நகரத்துக்குப் பக்கத்தில் 1974-ல் கிணறு வெட்டிய குடியானவர்கள் ஒரு மண் பொம்மைச் சேனையைக் கண்டெடுத்தார்கள். சீனத்தின் முதல் சக்கரவர்த்தியோடு கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட சேனை. அதில் இரண்டு வகைக் குதிரைகள் இருக்கின்றன. சவாரிக் குதிரைகளுக்கு வால் நீளமான பின்னலாகத் தொங்குகிறது. தேர்க் குதிரைகளுக்கு அதே வாலைச் சுருட்டிக் குட்டையாக முடிந்திருக்கிறது. வார் சிக்காது. வேலை முடிந்து லாயத்துக்குப் போனதும் முடிச்சை அவிழ்த்தால் ஈ ஓட்டிக்கொள்ளும். இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் ஒரு முடிச்சினால் தீர்ந்துபோன பிரச்னைக்கு இங்கிலாந்தில் காய்ச்சிய இரும்பு தேவைப்பட்டது. வார் சிக்குவது உண்மைக் காரணமாயிருந்தால் வண்டிக்குப் போகாத வேட்டைக் குதிரையின் வாலை ஏன் வெட்டினார்கள்? நாகரிகம் என்பதுதான் உண்மைக் காரணம். பக்கத்து வீட்டுப் பிரபுவின் குதிரைக்குக் கட்டை வால். நம் குதிரைக்கு மாத்திரம் நீண்ட வாலா?

எதிர்த்தவர்கள் இல்லாமலில்லை. மிருகங்களிடம் கொடுமை செய்வதைத் தண்டிக்க இங்கிலாந்தில் முதல் சட்டம் 1822-ல் வந்தது. அந்த நோக்கத்துக்கென்றே ஒரு சங்கம் 1824-ல் ஏற்பட்டது. தெருவில் குதிரையைச் சவுக்கால் விளாசிய ஏழை வண்டிக்காரன் அந்தச் சட்டத்தில் அகப்பட்டான். லாயத்தில் வாலைத் தறித்த கனவான் அகப்படவில்லை.

இந்த நிலையில் ஒரு பெண்மணி குதிரையைப் பேச வைத்தாள். ஆனா ஸுவெல் என்ற அந்த அம்மாள் பதினான்காம் வயதில் விழுந்து கால் ஊனமாகி, பிறகு எங்கே போவதென்றாலும் குதிரை வண்டியையே நம்பியிருந்தவள். குதிரையின் கால்களே தன் கால்களாக வாழ்ந்தவளுக்கு அதன் வலி தெரிந்ததில் ஆச்சரியமில்லை. நோயில் படுத்தபடி பல வருஷமாக எழுதிய 'பிளாக் பியூட்டி' 1877-ல் வெளிவந்தது. அடுத்த வருஷமே அவள் இறந்து போனாள். அது ஒரு குதிரை தன் கதையைத் தானே சொல்லும் நாவல். அதில் ஸர் ஆலிவர் என்று ஒரு கிழட்டு வேட்டைக் குதிரை வருகிறது. அதன் வால் ஆறேழு அங்குலம்தான். எந்த விபத்தில் இப்படியாயிற்று என்று இளங்குதிரை கேட்கிறது. விபத்தா! என்று கிழக் குதிரைக்குக் கோபம் வந்துவிடுகிறது. சிறு பிராயத்தில் தன்னைக் கட்டிப்போட்டுச் சதையும் எலும்புமாக வெட்டிய கதையைச் சொல்கிறது. அன்றைய வலி பெரிதல்லவாம், அது ஆறிவிட்டதாம். வயிற்றிலும் பின்கால்களிலும் ஈக்கள் வந்து உட்கார்ந்து கடிக்கும்போது மற்றக் குதிரைகளெல்லாம் வாலை வீசிவிட்டு நிம்மதியாக நிற்க, தான் மாத்திரம் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறதே, ஆயுள் முழுவதும் தொடரும் அந்த வதைதான் பெரிதாம். ஸெனோபன் ஒரு வாக்கியத்தில் சொல்லி வைத்த விஷயம்தான். அதற்கு ஒரு முகமும் குரலும் கிடைக்க இருபத்திரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. நாவலாசிரியர்களால் உலகத்திற்குப் பிரயோஜனம் உண்டா என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் அந்தக் கட்டை வால் குதிரையைத்தான் காட்டுவேன்.

ஆனாலும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படக்கூடாது. அந்தப் புத்தகத்தை இலட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள், கண்ணீர் விட்டார்கள், வால் தறிப்பதும் நடந்துகொண்டேயிருந்தது. பார்லிமெண்டு அதற்கென்று தனியாக ஒரு சட்டம் செய்தது 1949-ல். அதற்குள் இங்கிலாந்தின் சாலைகளில் மோட்டார் நிறைந்துவிட்டது, வயல்களில் டிராக்டர் இறங்கிவிட்டது. குதிரை ஊரை விட்டுப் போகும் நேரத்தில் அதன் வாலுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. நம் தேசத்தில் எந்தப் பிராணியையும் அங்கஹீனம் செய்வது குற்றம் என்று 1960-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதற்காக ராஜ்ய சபையில் முதலில் மசோதா கொண்டுவந்து போராடியவர் சென்னையிலிருந்து போன ருக்மிணி தேவி.

1949-ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. தறிப்பது என்றால் என்ன என்பதற்கு அது சொல்லும் விளக்கம் இதுதான்: குதிரையின் வாலிலிருந்து ஓர் எலும்பையோ எலும்பின் ஒரு பகுதியையோ வேண்டுமென்று நீக்குவது. தசையையோ தசைநாரையோ வெட்டுவதும் குற்றம். நோயோ காயமோ இருந்து மிருக வைத்தியர் அவசியம் என்று சொன்னாலொழிய இரண்டையும் செய்யக்கூடாது. மயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மயிரைக் கத்தரித்துக்கொள்ளலாம், பின்னிக்கொள்ளலாம், மணி கோத்துக்கொள்ளலாம். இப்போது அங்கே உழவுக் குதிரைகளின் கண்காட்சிக்குப் போனால், ஏர் பூட்டுவதற்கு முன் வாலைச் சுருட்டி முடிந்து, ரிப்பன் கட்டி நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். சீனத்துத் தேர்ப்பாகன் பார்த்தால் முடிச்சை அடையாளம் கண்டுகொள்வான்.

சட்டம் வருவதற்கு முன்பே வாலிழந்த குதிரைகள் அதற்கப்புறமும் பல வருஷங்கள் இருந்தன. குதிரைக்கு இருபது, இருபத்தைந்து வயது சாதாரணம். கோடையில் மேய்ச்சல் நிலத்தில் குதிரைகள் இரண்டிரண்டாக, ஒன்றின் தலை மற்றொன்றின் வால் பக்கம் இருக்கும்படி எதிரும் புதிருமாக நிற்கும். இதன் வால் அதன் முகத்து ஈயை ஓட்டும், அதன் வால் இதன் முகத்து ஈயை ஓட்டும். கட்டை வால் கிழங்களும் அப்படித்தான் நின்றிருக்கும். பக்கத்துக் குதிரை தன் நீண்ட வாலை அவற்றின் முகத்தில் வீசிக்கொண்டிருந்திருக்கும்.